புளி போட்டுத் துலக்க வேண்டாம், அது அம்மன் காசு!

ஆயுத பூஜை நெருங்கினால் போதும், பரணில் இருக்கும் பித்தளை, செம்புப் பாத்திரங்கள் எல்லாம் கீழே இறங்கிவிடும். புளி, சாம்பல், தேங்காய் நார் சகிதம் கொல்லைப்புறத்தில் உட்கார்ந்தால் குத்துவிளக்கு, சொம்பு, தாம்பாளம் என்று ஒவ்வொன்றாகப் பளபளக்கும். எல்லாம் முடிந்த பிறகு, பூஜை அறை டப்பாவில் கிடக்கும் நாலு பழைய காசும் அந்த வரிசைக்கு வரும். "கறுத்துப் போய்க் கிடக்கு, இதையும் ஒரு தேய் தேய்ச்சுடு" என்று யாராவது சொல்வார்கள்.

அந்த ஒரு தேயில்தான் எல்லாம் போகிறது.

குத்துவிளக்கைத் தேய்க்கலாம், அது புழங்குகிற பொருள். பழைய காசு அப்படி இல்லை. அதன் மதிப்பு, அதில் இருக்கும் செம்பிலோ வெள்ளியிலோ மட்டும் இல்லை. மேல்பரப்பில் இருக்கும் மெல்லிய கோடுகளிலும் எழுத்துகளிலும் நிறத்திலும் இருக்கிறது. அது ஒருமுறை போனால் எந்தக் கடையிலும் திரும்ப வாங்க முடியாது. இந்த வாரம், நம் வீட்டுப் பழைய காசுகள் எப்படியெல்லாம் பாழாகின்றன, எப்படிக் காப்பாற்றலாம் என்று பார்ப்போம். அதற்குப் புதுக்கோட்டை மாவட்டத்தைவிடப் பொருத்தமான ஊர் கிடைக்காது.

சின்னக் காசு, பெரிய கதை

புதுக்கோட்டைப் பக்கத்து வீடுகளில் பாட்டி காலத்துப் பெட்டியைத் திறந்தால், சட்டைப் பொத்தான் அளவில் ஒரு செம்புக் காசு கிடைக்க வாய்ப்பு உண்டு. ஒரு பக்கம் உட்கார்ந்த கோலத்தில் அம்மன். மறுபக்கம் தெலுங்கு எழுத்தில் 'விஜய' என்ற சொல். அதுதான் அம்மன் காசு.

அந்த அம்மன், திருக்கோகர்ணம் கோயிலில் இருக்கும் பிரகதாம்பாள். தொண்டைமான் மன்னர்களின் குலதெய்வம். 'பிரகதாம்பாள் தாஸ்' என்பதைத் தங்கள் பட்டப்பெயரோடு சேர்த்தே அவர்கள் எழுதினார்கள். தொலைந்த பொருள் கிடைக்க வேண்டும் என்று நம் ஊரில் எல்லோரும் வேண்டிக்கொள்ளும் 'அரைக்காசு அம்மன்' இவள்தான். காசில் இவள் உருவம் இருந்ததால்தான் அந்தப் பெயரே வந்தது என்பார்கள்.

ஓர் அணாவுக்கு 20 அம்மன் காசு. ஒரு ரூபாய்க்கு 320. நவராத்திரி நாட்களில் சமஸ்தானத்தின் சார்பில் அரிசியோடு இந்தக் காசும் தானமாகக் கொடுக்கப்பட்டது. முதலில் கையால் அடித்த காசுகள் இருந்தன. அவை கொஞ்சம் தடித்து, ஒழுங்கற்ற வட்டத்தில், அச்சு பாதி விழுந்தும் விழாமலும் இருக்கும். 1889 முதல் இங்கிலாந்தின் பர்மிங்ஹாம் நகரத்து ஆலையில் இயந்திரத்தில் அடித்து வரவழைத்தார்கள். அவை மெல்லியதாக, சரியான வட்டமாக இருக்கும்.

1948 மார்ச் 3-ம் தேதி புதுக்கோட்டை சமஸ்தானம் இந்தியாவோடு இணைந்து, திருச்சி மாவட்டத்தின் பகுதியானது. அதோடு சமஸ்தானத்துக் காசின் காலமும் முடிந்தது. இனி ஒரு அம்மன் காசுகூடப் புதிதாகப் பிறக்கப் போவதில்லை. இருப்பதெல்லாம் நம் பெட்டிகளில் இருப்பதுதான். அதில் எத்தனை அம்மன்களின் முகம் புளியாலும் சாம்பலாலும் மழுங்கிப் போனது என்பதுதான் நம் கவலை.

கறுப்பு என்பது அழுக்கா?

புதிதாக அடித்த செம்புக் காசு, இளஞ்சிவப்பாக மின்னும். காற்று பட்டுப் பட்டு அது பழுப்பாகும், பிறகு சாக்லேட் நிறத்துக்குப் போகும். செம்பும் காற்றில் உள்ள ஆக்சிஜனும் சேர்ந்து உண்டாக்கும் மெல்லிய படலம் அது. அழுக்கு மேலே ஒட்டிக்கொள்வது. இந்தப் படலமோ காசின் தோல்போல, உள்ளே இருக்கும் செம்பை மூடிப் பாதுகாக்கிறது. அது ஒரே சீராக அமைய பல பத்தாண்டுகள் ஆகும்.

வெள்ளிக் காசு கறுப்பதும் இப்படித்தான். காற்றில் உள்ள கந்தகத்தோடு வெள்ளி சேரும்போது முதலில் மஞ்சள், பிறகு நீலம், கடைசியில் கறுப்பு என்று நிறம் மாறும். இந்த நிறங்களுக்காகவே அதிக விலை கொடுத்து வாங்கும் சேகரிப்பாளர்கள் இருக்கிறார்கள்.

இப்போது புளி என்ன செய்கிறது என்று பாருங்கள். புளியில் இருக்கும் டார்டாரிக் அமிலம் அந்தப் படலத்தைக் கரைக்கிறது. கூடவே உப்பும் சேர்ந்தால் இன்னும் வேகம். காசு இளஞ்சிவப்பாகப் பளிச்சென்று வந்ததும் நமக்குச் சந்தோஷம். ஆனால், தோல் உரிந்த காசு அது. சில வாரங்களில் திட்டுத் திட்டாக மறுபடி கறுக்கும், முன்பு இருந்த சீரான நிறம் வராது. எலுமிச்சை, வினிகர், சோடா உப்பு எல்லாவற்றின் கதையும் ஏறக்குறைய இதுதான்.

அமிலத்தைவிடப் பெரிய கேடு, தேய்ப்பது. சாம்பல், செங்கல் பொடி, பாத்திரம் துலக்கும் பவுடர், தேங்காய் நார், ஸ்டீல் கம்பி நார் எல்லாமே காசின் மேல் ஆயிரம் மெல்லிய கீறல்களைப் போடும். "பல் தேய்க்கிற பேஸ்ட் மிருதுவாச்சே?" என்று கேட்பார்கள். பல்லுக்கு மிருது, காசுக்கு இல்லை. பேஸ்ட்டுக்குள்ளும் தேய்ப்பதற்கான நுண்துகள்கள் இருக்கின்றன.

துலக்கிய காசை அனுபவசாலிகள் ஒரு நொடியில் கண்டுபிடிப்பார்கள். விளக்கின் கீழே காசை லேசாகச் சாய்த்துத் திருப்பினால், ஆலையில் அடித்த காசின் ஒளி சக்கரம்போலச் சுற்றி வரும். துலக்கிய காசில் அந்த ஓட்டம் இருக்காது. ஒரே திசையில் முடிபோன்ற கீறல்கள் தெரியும். என்ஜிசி, பிசிஜிஎஸ் போன்ற அமெரிக்கத் தர நிர்ணய நிறுவனங்களுக்கு அனுப்பினால், இப்படிப்பட்ட காசுக்குத் தர எண்ணே கொடுக்க மாட்டார்கள். 'துலக்கப்பட்டது' என்று எழுதித் திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

ஓட்டை, வளையம், முலாம்

நம் வீடுகளில் காசுக்கு நகை வேலையும் உண்டு. குழந்தையின் அரைஞாணில் கோக்க ஒரு ஓட்டை. கழுத்துச் சங்கிலியில் தொங்கவிட மேலே ஒரு வளையம். விக்டோரியா மகாராணி ரூபாயை வரிசையாகப் பற்றவைத்து மாலை. ஆசாரியிடம் கொடுத்தால் அரை மணி நேர வேலை.

காசுச் சந்தையில் இவை எல்லாமே சேதம்தான். ஓட்டையைப் பிறகு அடைத்தாலும் தெரியும். வளையத்தை எடுத்துவிட்டாலும், பற்றவைத்த இடத்தில் சூடு பட்ட நிறமும், விளிம்பில் தடிப்பும் மிஞ்சும். பழைய வெள்ளி ரூபாயின் எடை 11.66 கிராம், அதில் 91.7 சதவிகிதம் வெள்ளி. ஓட்டையோ பற்றோ விழுந்துவிட்டால் பெரும்பாலும் அந்த வெள்ளியின் விலைதான் கிடைக்கும்.

தங்க முலாம் பூசுவது இன்னொரு ஆசை. முலாம் பூசுவதற்கு முன் காசை அமிலத்தில் போட்டு, மெருகேற்றி எடுப்பார்கள். அதாவது, பூச்சு ஏறும் முன்பே காசு போய்விடும்.

நம் தமிழ்நாட்டுக்கே உரிய இன்னொரு கொடுமை, 'அரிசியை இழுக்கும் காசு'. இரிடியம் கலந்த பழைய செம்புக் காசு அரிசியைக் காந்தம்போல இழுக்கும், கோடிக்கணக்கில் விலை போகும் என்று ஒரு கதை பல ஆண்டுகளாகச் சுற்றுகிறது. அந்தக் கதையை நம்பி நல்ல காசுகளை நெருப்பில் காட்டியவர்களும், பணத்தைக் கொடுத்து ஏமாந்தவர்களும் ஏராளம். மோசடிக் கும்பல்களைப் போலீஸார் பலமுறை பிடித்திருக்கிறார்கள். எந்தக் காசும் அரிசியை இழுக்காது. நெருப்பில் காட்டிய காசை எந்தச் சேகரிப்பாளரும் தொட மாட்டார்.

ரயில் தண்டவாளத்தில் காசு வைத்த பழைய சிறுவர்களுக்கு ஒரு செய்தி. அது காந்தமாகாது, தகடாகும். அவ்வளவுதான். தண்டவாளம் பக்கம் போவது உயிருக்கே ஆபத்து என்பதைப் பேரப்பிள்ளைகளுக்கும் சொல்லிவையுங்கள்.

நல்லெண்ணத்தில் செய்யும் சேதங்கள்

கெடுக்க வேண்டும் என்று யாரும் காசைக் கெடுப்பதில்லை. பத்திரமாக வைக்கிறோம் என்று நினைத்துச் செய்யும் காரியங்களிலேயே பாதிக் காசுகள் பாழாகின்றன.

விரல் ரேகை: நம் விரலில் எப்போதும் கொஞ்சம் எண்ணெயும் வியர்வை உப்பும் இருக்கும். காசின் முகத்தில் கட்டைவிரலை வைத்து எடுத்தால், அந்த நேரத்தில் ஒன்றும் தெரியாது. சில மாதங்கள் கழித்து, செம்பின் மேல் உங்கள் ரேகை அப்படியே கறுப்பாகப் பதிந்திருக்கும். துடைத்தாலும் போகாது. காசை எப்போதும் இரண்டு விரலால் விளிம்பில் மட்டும் பிடியுங்கள். குழந்தைகளுக்குக் காட்டும்போது கீழே ஒரு மெத்தென்ற துணி விரித்துக்கொள்ளுங்கள். கை தவறினால் விளிம்பில் பள்ளம் விழாமல் இருக்கும்.

பிளாஸ்டிக் ஆல்பம்: காசு ஆல்பங்களில் மலிவானவை பெரும்பாலும் வளைகிற பிவிசி பிளாஸ்டிக்கில் செய்தவை. திறந்ததும் குப்பென்று பிளாஸ்டிக் வாடை வரும். நம் ஊர் வெயிலில் அது மெல்ல மெல்ல அமில ஆவியை விடும், பிசுபிசுப்பாகவும் கசியும். சில ஆண்டுகளில் காசின் மேல் பச்சை நிறத்தில் ஒட்டும் படலம் படியும். ஆரம்பத்திலேயே கவனித்தால் காப்பாற்றலாம், விட்டுவிட்டால் உலோகத்தையே அரித்துவிடும்.

ரப்பர் பேண்ட்: வெள்ளிக் காசுகளைக் காகிதத்தில் சுருட்டி ரப்பர் பேண்ட் போட்டு வைப்பது பல வீட்டுப் பழக்கம். ரப்பரில் கந்தகம் இருக்கிறது. அது பட்ட இடத்தில் காசின் குறுக்கே கறுப்புக் கோடு விழும். பழைய செய்தித்தாளில் சுற்றி வைப்பதும், அட்டைப் பெட்டியில் போட்டு வைப்பதும் வெள்ளிக்கு ஆகாது.

பசை: பள்ளிக் கண்காட்சி என்றதும் வீட்டில் இருக்கும் பழைய காசுகளைச் சார்ட்டில் ஃபெவிகால் போட்டு ஒட்டிக் கொடுத்துவிடுகிறோம். பரிசு கிடைக்கலாம், காசு திரும்பக் கிடைக்காது. செல்லோடேப்பும் அப்படித்தான். காசுகளைப் போட்டோ எடுத்து அந்தப் படத்தை ஒட்டச் சொல்லுங்கள்.

ஒரே டப்பாவில் எல்லாம்: பித்தளை, செம்பு, வெள்ளி, அலுமினியம் என்று எல்லாவற்றையும் ஒரு டப்பாவில் போட்டுக் குலுக்கினால் ஒன்றின் மேல் ஒன்று உரசிக் கீறும். குறிப்பாக ஒரு பைசா, மூன்று பைசா, ஐந்து பைசா போன்ற அலுமினியக் காசுகள் மிக மென்மையானவை. எளிதில் கீறல் விழும். அவற்றைப் புளித் தண்ணீரில் போட்டால் மேல்பரப்பு மங்கி வெளுத்துவிடும்.

பூஜைக் காசு: தாமரைப் பூ போட்ட 20 பைசாவை 108 சேர்த்து லட்சுமி பூஜைக்கு வைத்திருக்கும் வீடுகள் உண்டு. பாலும் மஞ்சளும் குங்குமமும் பட்ட காசை அப்படியே ஈரத்தோடு டப்பாவில் மூடி வைத்தால் பச்சைக் களிம்பு பூக்கும். பூஜைக்கென்று வைத்ததைப் பூஜைக்கே வைத்துக்கொள்ளுங்கள். முடிந்ததும் நல்ல தண்ணீரில் அலசி, முழுக்கக் காயவிட்டு எடுத்து வையுங்கள். சேகரிப்புக்கு என்றால், ஒன்றிரண்டு நல்ல காசைத் தனியே ஒதுக்கிவிடுங்கள்.

உப்பு என்னும் எதிரி

உப்பு ஜாடிக்குள் ஒரு காசு போட்டு வைத்தால் வீட்டில் லட்சுமி தங்குவாள் என்ற நம்பிக்கை உண்டு. நம்பிக்கையைக் குறை சொல்ல வரவில்லை. போடுவதை இன்றைய ரூபாயாகப் போடுங்கள், பாட்டி வைத்துப்போன செம்புக் காசாகப் போடாதீர்கள்.

ஏன் என்றால், செம்புக்கு உப்பைப்போல் எதிரி கிடையாது. உப்பில் உள்ள குளோரைடு செம்புக்குள் புகுந்துகொண்டால், காற்றில் ஈரம் ஏறும்போதெல்லாம் அரிப்பு மறுபடி மறுபடி தொடரும். இதை 'வெண்கல நோய்' என்றே சொல்கிறார்கள். மணமேல்குடி, கோட்டைப்பட்டினம், ஜெகதாப்பட்டினம், மீமிசல் என்று கடலோரத்தில் இருப்பவர்கள் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். அங்கே ஜன்னல் வழியாக வரும் காற்றிலேயே உப்பு இருக்கிறது.

பச்சை எல்லாமே நோய் இல்லை. கெட்டியாக, வழவழப்பாக, கரும்பச்சையில் படிந்திருந்தால் அது பழைய களிம்பு. மண்ணுக்குள் நெடுநாள் கிடந்த காசில் அப்படித்தான் இருக்கும், அதைத் தொட வேண்டாம். வெளிறிய பச்சையில் பொடிபோல உதிர்ந்து, துடைத்தாலும் சில நாட்களில் அதே இடத்தில் மறுபடி பூத்தால் அதுதான் நோய். அந்தக் காசை முதலில் மற்றக் காசுகளிலிருந்து பிரித்து, ஈரமில்லாத இடத்தில் தனியே வையுங்கள். பிறகு தெரிந்தவர்களிடம் காட்டுங்கள். வீட்டில் இருக்கும் ரசாயனங்களை ஊற்றிப் பார்க்க வேண்டாம்.

வெட்டுப்பட்ட 501 தங்கக் காசுகள்

இவ்வளவு சொன்ன பிறகு, சேதமான காசு என்றாலே மதிப்பில்லை என்று நினைத்துவிடாதீர்கள். அதற்கும் புதுக்கோட்டை மண்ணிலேயே ஒரு சாட்சி கிடைத்திருக்கிறது.

1898-ம் ஆண்டு. சமஸ்தானத்தின் ஆலங்குடி தாலுகாவில் இருந்த கருக்காக்குறிச்சியில் ஒரு புதையல் கிடைத்தது. எண்ணிப் பார்த்தால் 501 காசுகள், அத்தனையும் ரோமானியத் தங்கம். அகஸ்டஸ் முதல் வெஸ்பேசியன் வரை ஆண்ட பேரரசர்களின் காசுகள். வெஸ்பேசியன் ஆட்சிக்கு வந்தது கி.பி. 69-ல். அப்படியானால் ஏறத்தாழ 1,800 ஆண்டுகளுக்கு மேல் நம் மண்ணுக்குள் கிடந்திருக்கின்றன. பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தின் நாணய அறிஞர் ஜி.எஃப். ஹில் அதே ஆண்டில் இவற்றைப் பற்றி விரிவாக எழுதினார். அதில் பல காசுகள் இன்று லண்டனில் அந்த அருங்காட்சியகத்தில்தான் இருக்கின்றன.

அவற்றில் ஒரு விசேஷம். பத்தில் ஒன்பதுக்கும் அதிகமான காசுகளில், பேரரசரின் தலைக்குக் குறுக்கே கூரான கருவியால் போட்ட ஒரு வெட்டு. தவறிப்போய் விழுந்த கீறல் கிடையாது. ஒவ்வொரு காசையும் கையில் எடுத்து, முகத்தைப் பார்த்து, வேண்டுமென்றே போட்ட வெட்டு.

யார் போட்டார்கள்? ஏன் போட்டார்கள்? இது இனி காசாகச் செல்லாது, வெறும் தங்கமாக எடை போட்டு எடுத்துக்கொள்ளலாம் என்று அறிவிக்கும் அடையாளம் என்கிறார்கள் சிலர். தங்கம் உள்ளேயும் தங்கம்தானா என்று பார்த்த சோதனை என்கிறார்கள் சிலர். அந்நிய அரசனின் முகத்தை ஏற்க மறுத்தது என்று சொல்பவர்களும் உண்டு. முடிவான பதில் இன்னும் இல்லை.

ஒன்று மட்டும் நிச்சயம். அந்த வெட்டு இல்லாமல் இருந்திருந்தால், அவை ரோமாபுரியின் காசுகளாக மட்டுமே இருந்திருக்கும். வெட்டு இருப்பதால்தான் அவை தமிழ் மண்ணில் யாரோ ஒருவரின் கைக்கு வந்து, ஏதோ ஒரு கணக்குக்கு உட்பட்டவை என்று நமக்குத் தெரிகிறது. கடைத்தெருவில் சேதம் என்று தள்ளக்கூடிய ஒன்று, இங்கே வரலாற்று ஆதாரம்.

இதே அளவுகோலை உங்கள் வீட்டுக் காசுக்கும் வைத்துப் பாருங்கள். உங்கள் தாத்தா குழந்தையாக இருந்தபோது அரைஞாணில் கட்டிய அம்மன் காசில் ஓட்டை இருக்கிறதா? சந்தையில் அதற்கு விலை குறைவுதான். ஆனால் அந்த ஓட்டை உங்கள் குடும்பத்தின் வரலாறு. அதை அடைத்து, மெருகு போட்டு 'சரி' செய்தால் இரண்டும் போய்விடும். இருக்கிறபடியே வைத்துக்கொள்ளுங்கள். பழைய வெள்ளி ரூபாய்களில் ஷராப்புகள் சோதித்து அடித்த சின்ன முத்திரைக் குழிகளும் அப்படித்தான். வந்த தழும்பை அழிக்க வேண்டாம், புதுத் தழும்பு போட வேண்டாம்.

அப்படியானால் என்னதான் செய்வது?

முதல் விதி, ஒன்றும் செய்யாமல் இருப்பது. மண் ஒட்டியிருந்தால் காய்ச்சி வடித்த தண்ணீரில், அதாவது பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்ட் வாட்டரில், ஒரு நாள் ஊறவிடுங்கள். தண்ணீரை மாற்றி மறுபடி ஊறவிடலாம். தானாக விடும் மண் விடட்டும். பிரஷ், ஊசி, துணி எதுவும் வேண்டாம். எடுத்து, மெல்லிய பருத்தித் துணியின் மேல் வைத்து ஒற்றுங்கள், தேய்க்காதீர்கள். நன்றாகக் காய்ந்த பிறகே மூடி வையுங்கள்.

செல்லோடேப் பசை, பிவிசி பிசுபிசுப்பு இருந்தால் சுத்தமான அசிட்டோனில் அமிழ்த்தி எடுக்கலாம். ரசாயனக் கடைகளில் கிடைக்கும். நகப் பூச்சு அகற்றும் திரவம் வேண்டாம், அதில் வாசனையும் எண்ணெயும் கலந்திருக்கும். அசிட்டோன் சட்டென்று தீப்பிடிக்கக்கூடியது. அடுப்பு, விளக்கு பக்கத்தில் இல்லாமல், காற்றோட்டமான இடத்தில், பெரியவர்கள் மட்டுமே செய்ய வேண்டும்.

வைப்பதற்கு, காசு விற்பவர்களிடம் கிடைக்கும் மைலர் ஜன்னல் வைத்த அட்டைகள் நல்லவை. பின் அடிக்கும்போது ஸ்டேப்ளர் கம்பி காசில் உரசாமல் தள்ளி அடியுங்கள், கம்பியின் முனையைத் தட்டையாக்கிவிடுங்கள். பெட்டிக்குள், புதுச் செருப்பு டப்பாவில் வருமே, அந்த சிலிக்கா ஜெல் பொட்டலம் இரண்டு போட்டு வைத்தால் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். சமையலறை, குளியலறைச் சுவரை ஒட்டிய அலமாரியைத் தவிருங்கள்.

கையில் இருப்பது எப்படிப்பட்ட காசு என்று ஒப்பிட்டுப் பார்க்க ஆசையா? திருக்கோகர்ணத்தில் 1910-ல் தொடங்கிய புதுக்கோட்டை அரசு அருங்காட்சியகம் இருக்கிறது. விடுமுறையில் பிள்ளைகளோடு ஒரு நடை போய் நாணயங்களைப் பார்த்துவிட்டு, அப்படியே பக்கத்தில் அரைக்காசு அம்மனையும் கும்பிட்டு வாருங்கள்.

வழக்கமாக எழும் சில கேள்விகள்

*ஏற்கெனவே புளி போட்டுத் துலக்கிவிட்டோம். இனி என்ன செய்யலாம்?*

நல்ல தண்ணீரில், பிறகு டிஸ்டில்ட் வாட்டரில் அலசி, அமிலமும் உப்பும் மிச்சமில்லாமல் செய்து காயவிடுங்கள். பிறகு காகித உறையில் போட்டு விட்டுவிடுங்கள். சில ஆண்டுகளில் கொஞ்சம் நிறம் திரும்பும். பழைய நிறம் வரவைக்கிறேன் என்று அடுப்பில் காட்டுவதோ ரசாயனம் தடவுவதோ வேண்டாம். அது இரண்டாவது சேதம்.

*தேங்காய் எண்ணெய் தடவி வைக்கலாமா?*

வேண்டாம். எண்ணெய் சிக்கு பிடிக்கும், தூசியை இழுக்கும். உலர்ந்த காசுக்கு எண்ணெய் தேவையில்லை.

*நிலத்தில் உழும்போதோ, கண்மாய் தூர் வாரும்போதோ காசு கிடைத்தால்?*

கழுவக்கூட வேண்டாம். மண்ணோடு, கிடைத்த பானையோடு, ஒன்றாகவே வையுங்கள். 1878-ம் ஆண்டின் புதையல் சட்டப்படி, மண்ணுக்குள் கிடைத்த புதையல் 10 ரூபாய் மதிப்பைத் தாண்டினாலே மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும். கிராம நிர்வாக அலுவலர் அல்லது தாசில்தாரிடம் சொன்னால் வழிகாட்டுவார்கள். மறைத்தால் ஓராண்டு வரை சிறைத் தண்டனைக்கு இடமுண்டு. முறைப்படி சொன்னால், கண்டெடுத்தவருக்கும் நிலத்தின் சொந்தக்காரருக்கும் சட்டத்தில் பங்கு இருக்கிறது. ஆளுக்கு நாலு என்று பிரித்து உருக்கிவிட்டால், கருக்காக்குறிச்சி போன்ற ஒரு கதை யாருக்கும் தெரியாமலே அழிந்துபோகும்.

*பழைய காசுக்கு லட்சக்கணக்கில் தருகிறேன் என்று வாட்ஸ்அப்பில் வருகிறதே?*

முன்பணம், கமிஷன், வரி என்று எதைக் கேட்டாலும் மோசடி. ரிசர்வ் வங்கியின் பெயரைச் சொல்லியே இப்படி ஏமாற்றுகிறார்கள். பழைய நோட்டு, காசு வாங்கி விற்கும் வேலையில் தாங்கள் இல்லை, யாரிடமும் கட்டணம் கேட்பதும் இல்லை என்று ரிசர்வ் வங்கி 2021 ஆகஸ்டில் வெளிப்படையாகவே எச்சரித்தது.

இந்த வார வீட்டுப்பாடம்

பெட்டியில் இருக்கும் பழைய காசு ஒவ்வொன்றுக்கும் ஒரு சின்னத் தாள் எடுங்கள். காசு யாருடையது, எந்த ஊர், எப்படி வீட்டுக்கு வந்தது, ஓட்டையோ வளையமோ இருந்தால் அது எதற்காகப் போட்டது, இதையெல்லாம் வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு எழுதி, காசோடு வையுங்கள். எழுதுவதற்குப் பென்சில் நல்லது. மை கசியாது.

காசின் முகம் மழுங்குவது ஒரு சேதம் என்றால், அது யாருடையது என்பதே மறந்துபோவது அதைவிடப் பெரிய சேதம். முதலாவதைத் தடுக்க நாம் கையைக் கட்டிக்கொண்டு சும்மா இருந்தால் போதும். இரண்டாவதைத் தடுக்க, பாட்டி இருக்கும்போதே பக்கத்தில் உட்கார்ந்து கேட்க வேண்டும்.